அம்மாவின் இரண்டு மணி விழிப்பும் மறதியும்: ஒரு மருத்துவரின் பதில்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கம்பத்துக்கு அருகே வசிக்கும் உங்கள் தாயாருக்கு வயது 69. ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்; முழங்கால் வலியால் 4 ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். இரவு 8 மணிக்குப் படுக்கிறார், 2 மணிக்கு விழித்துக்கொள்கிறார், அதன் பிறகு கண் மூட முடியவில்லை என்கிறார். மதியம் சாப்பிட்டபின் 2 மணி நேரம் அயர்ந்துவிடுகிறார். பலமாகக் குறட்டை விடுகிறார். 3 ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை போடுகிறார். சில மாதங்களாக, வைத்த பொருளை வைத்த இடத்தில் தேடத் தெரியவில்லை, கேட்டதையே மறுபடி கேட்கிறார். உறங்காதவர்களின் மூளையில் கழிவு தேங்கி அல்சைமர் என்ற மறதிநோய் வரும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து உங்களுக்கே உறக்கம் போய்விட்டது. ஆக, உறக்கக் குறைவால் மறதிநோய் வருமா, உறக்கத்தைச் சரிசெய்தால் மறதி நீங்குமா, மாத்திரையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்பவையே உங்கள் கேள்விகள்.

நான் பொதுமருத்துவர். மலையடிவாரத்தில் 23 ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தோட்டத் தொழிலாளர்கள்தாம் என்னிடம் வருவோரில் பெரும்பகுதி. வேலையை விட்ட பெண்கள் 60 வயதைக் கடந்ததும் சொல்லும் முதல் குறை முழங்கால், இரண்டாவது குறை உறக்கம். நரம்பியலோ உறக்க மருத்துவமோ என் தனித்துறை அல்ல. உங்கள் தாயாரை நான் நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே கீழே எழுதுவதை நோயறிதலாகக் கொள்ளாமல், மருத்துவரிடம் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியதாகக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 8 மணியிலிருந்து 2 மணிவரை 6 மணி நேரம்; மதியம் 2 மணி நேரம்; ஆக ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அவர் உறங்குகிறார். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் போதும் என்று அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளை 2015-இல் பரிந்துரைத்தது. அளவை மட்டும் பார்த்தால் உங்கள் தாயாருக்கு உறக்கம் குறைவே இல்லை; அது ஊர் உறங்கும் நேரத்தில் இல்லாமல் வேறு நேரத்தில் இருக்கிறது. இதை நான் எளிதாகச் சொல்லிவிடுவதாக எண்ண வேண்டாம். வீடே உறங்கும்போது தனியாக விழித்துக் கிடப்பது எவ்வளவு கொடியது என்பதை ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் "உறங்குவதே இல்லை" என்ற அச்சத்தோடு மருத்துவரைப் பார்க்கும் குடும்பம் மாத்திரையோடு திரும்பும். "தவறான நேரத்தில் உறங்குகிறார்" என்று அறிந்து பார்க்கும் குடும்பத்துக்கு வேறு வழிகள் திறக்கும்.

நேரம் ஏன் இப்படி நகர்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உறுதியாகத் தெரியும். வயது ஏற ஏற மூளைக்குள் இருக்கும் நாள்கடிகாரம் முன்னோக்கி நகர்கிறது. முதியவர்களுக்கு மாலையிலேயே கண் சொருகும், விடியுமுன்பே விழிப்பு வரும். இது நோய் அன்று. அதன் மேல், அதிகாலையில் எழுந்து உலை வைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, இருட்டோடு ஜீப் ஏறிய 30 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. முன்பு அந்த உடலுக்கு மலையில் நாள் முழுவதும் வேலையும், ஏலச்செடி நிழலில் என்றாலும் பகல் வெளிச்சமும் கிடைத்தன. வேலையை விட்டதும் அதிகாலை விழிப்பு மட்டும் தங்கிவிட்டது. உழைப்பும் வெளிச்சமும் போய்விட்டன. நாள்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது கண்ணுக்குள் விழும் வெளிச்சம்தான். ஓட்டு வீட்டின் உள்ளறையில், தொலைக்காட்சி முன் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அதிலும் கண்புரை படர்ந்திருந்தால், அந்த வெளிச்சம் மிகக் குறைவாகவே போய்ச் சேரும்.

உறக்கத்தின் தரமும் வயதோடு மாறுகிறது. உறக்கம் ஒரே சீரான ஒன்றன்று. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்று மாறி மாறி வரும். இவற்றில் ஆழ்ந்த உறக்கம்தான் வயதால் மிகுதியாகக் குறைகிறது. பகலில் கேட்டதையும் கண்டதையும் நிலையான நினைவாக மாற்றும் வேலையில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே கோழித்தூக்கமாகவே இரவைக் கழிக்கும் முதியவர் மறுநாள் மந்தமாக இருப்பதும், சொன்னதை மறப்பதும் வியப்பில்லை. உறக்கம் கெட்ட மறுநாள் எவருக்கும் கவனம் சிதறும், கவனிக்காமல் விட்டது நினைவில் பதியாது. இவ்வளவும் ஐயமில்லாதவை.

இனி நீங்கள் பார்த்த காணொளியின் செய்திக்கு வருகிறேன். மூளையைச் சுற்றி ஓடும் நீர் உறக்கத்தின்போது மூளைத்திசுவின் இடைவெளிகளுக்குள் புகுந்து கழிவுகளை அரித்துச் செல்கிறது என்ற கருத்தை மைக்கன் நெடர்கார்ட் என்ற அறிவியலாளரின் குழு முன்வைத்தது. 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், உறங்கும் எலிகளின் மூளையில் அந்த இடைவெளிகள் ஏறத்தாழ 60 விழுக்காடு அகன்றதாகவும், அல்சைமரோடு தொடர்புடைய அமிலாய்டு என்ற புரதம் விரைவாக வெளியேறியதாகவும் எழுதினார்கள். கேட்டதும் மனத்தில் பதியும் கருத்து. ஆகவே அது உலகெங்கும் பரவியது. ஆனால் 2024-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், அவர்களும் எலிகளில்தான், வேறொரு முறையில் அளந்தபோது, உறக்கத்தில் கழிவு வெளியேற்றம் குறைவதாகக் கண்டார்கள். இரு தரப்பும் அளக்கும் முறையைப் பற்றி இன்னும் வாதிடுகின்றன. மனிதர்களைப் பொறுத்தவரை, ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளைநீர் அலையலையாக அசைகிறது என்று 2019-இல் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஓர் இரவு முழுவதும் உறங்க விடாமல் வைத்திருந்த 20 பேரின் மூளையில் அமிலாய்டு சற்றுக் கூடியதை 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது கூடி அப்படியே தங்கிவிடுகிறதா, சில இரவுகள் நன்றாக உறங்கினால் மறைந்துவிடுகிறதா என்பதற்கு அந்த ஆய்வு விடை சொல்லவில்லை. ஆகவே காணொளி சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எலியிடம் கண்டு, இன்னும் வாதத்தில் இருக்கும் ஒன்றை, உங்கள் அம்மாவின் மூளையில் நடந்து முடிந்ததாகச் சொல்லிவிட்டது என்றே சொல்வேன்.

மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைவிட மதிப்புடையவை. பிரிட்டனில் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 50, 60, 70 ஆகிய மூன்று வயதுகளிலும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் உறங்கியவர்களைவிட டிமென்ஷியா என்கிற மறதிநோய் (அல்சைமர் அதில் ஒரு வகை) வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில், 60 வயதைக் கடந்த 346 பேருக்குச் சில ஆண்டு இடைவெளியில் இருமுறை உறக்கப் பரிசோதனை செய்து, பிறகு அவர்களை நெடுநாள் பின்தொடர்ந்தார்கள்; ஆழ்ந்த உறக்கம் ஆண்டுக்கு 1 விழுக்காடு குறைந்தால் டிமென்ஷியா வாய்ப்பு 27 விழுக்காடு கூடுவதாக 2023-இல் எழுதினார்கள். இரண்டும் நல்ல ஆய்வுகள். இருந்தாலும் இவை இரண்டும் தொடர்பைத்தான் காட்டுகின்றன. எது காரணம், எது விளைவு என்பதைக் காட்டவில்லை. அல்சைமர் நோயின் புரதப் படிவுகள் மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. உறக்கத்தை ஆளும் பகுதிகளும் அதற்குத் தப்புவதில்லை. அப்படியானால் உறக்கம் கெட்டதால் நோய் வந்ததா, வெளியே தெரியாமல் தொடங்கிவிட்ட நோயால் உறக்கம் கெட்டதா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஒரு தனி மனிதரிடம், வெளியிலிருந்து பார்த்து, இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. உறக்கத்தைச் சரிசெய்தால் டிமென்ஷியாவைத் தடுக்கலாம் என்று எந்தச் சிகிச்சை ஆய்வும் இன்னும் நிறுவவில்லை.

மறதிநோயைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், பார்வைக் குறை, மனச்சோர்வு, தனிமை, புகை, மது, தலைக்காயம், உடலுழைப்பின்மை, குறைந்த பள்ளிப்படிப்பு ஆகியவை அதில் உண்டு. உறக்கம் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. சான்று போதாது என்று கருதினார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாயின் உறக்கத்தை எண்ணி இரவெல்லாம் கலங்கும் பிள்ளைகள், அவருடைய இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தட்டுமுட்டுப் பெட்டியில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைகளை ஒழுங்காகப் போடுவது மூளையைக் காப்பதற்கு, உறக்க மணிகளை எண்ணுவதைவிட உறுதியான வழி.

அதற்காக உறக்கத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய சொல் குறட்டை. பகலில் அயர்வது, விடிகாலையில் விழிப்பது, மறதி, குறட்டை ஆகியவை ஒன்றாக வரும்போது, உறக்கத்தில் மூச்சுத்தடை உண்டா என்பதை எந்த மருத்துவரும் முதலில் பார்க்க வேண்டும். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபட, மூச்சு பத்து விநாடி, இருபது விநாடி நின்று, இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, மூளை திடுக்கிட்டு எழுந்து மறுபடி மூச்சைத் தொடங்கி வைக்கும். ஓர் இரவில் இது நூறு முறைகூட நடக்கலாம். உறங்குபவருக்கு அதில் ஒன்றும் நினைவிருக்காது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது மிகுதியாக வருகிறது. ஆனால் நம் ஊரில் பெண்ணின் குறட்டையை வெளியே சொல்ல வீட்டார் கூசுகிறார்கள், கேட்கும் மருத்துவரும் குறைவு. சராசரி வயது 82 உள்ள 298 பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, இந்தத் தடை உள்ளவர்களுக்கு நினைவாற்றல் குறைவும் டிமென்ஷியாவும் மிகுதியாக வந்ததைக் கண்டது. உறங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் மூச்சுக் கருவி பொருத்தினால் பகல் அயர்வு குறையும், இரத்த அழுத்தம் ஓரளவு இறங்கும். அது நினைவாற்றலையும் காக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகள் இன்னும் வலுவாக இல்லை. ஆனாலும் மூச்சு நின்று நின்று உறங்கும் ஒருவருக்கு அதைக் கண்டுபிடிக்காமல் தூக்க மாத்திரை கொடுப்பது நிச்சயமாகத் தீங்கு. தளர்ந்த தொண்டையை மாத்திரை மேலும் தளர்த்தும்.

மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. மலையடிவாரத்தில் நான் பெரும்பாலும் காண்பவை அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் ஆகிய மூன்று. இவை பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். ஒரு விபத்தின் துயரமோ மரணத்தின் துயரமோ ஒருவரை வாட்டும்போது சில நாட்களுக்குப் பயன்படும். சில வாரங்களில் உடல் பழகிவிடும், பிறகு மாத்திரை உறக்கத்தைத் தருவதில்லை, மாத்திரை இல்லாத இரவைத்தான் கெடுக்கும். இவை கண்ணை மூட வைக்குமே தவிர, முதியவர்களுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும் ஆழ்ந்த உறக்கத்தை மேலும் குறைக்கின்றன. 65 வயதுக்கு மேல் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தில் நெடுநாளாக உள்ள அறிவுரை. காரணம், இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறி விழுதல், இடுப்பெலும்பு முறிவு, திடீர் மனக்குழப்பம், பகல் மறதி. உங்கள் தாயாரின் மறதியில் ஒரு பங்கு இந்த மாத்திரையால் வருவதாக இருக்கக்கூடும். அப்படியானால் அது திரும்பக்கூடிய மறதி. இந்த மாத்திரைகள் நிலையான டிமென்ஷியாவையே உண்டாக்குகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன: 2014-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று தொடர்பைக் கண்டது, 2016-இல் வந்த மற்றொன்று, மிகுதியாகச் சாப்பிட்டவர்களிடமும் அப்படிப்பட்ட தொடர்பைக் காணவில்லை. விழுவதும் எலும்பு முறிவதும் ஐயத்துக்கு இடமில்லாதவை, அவையே போதும்.

எல்லைப்புறத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி என்னிடம் அழைத்து வரப்பட்டார். பக்கவாதம் என்று வீட்டார் அஞ்சினார்கள். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தபோது இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று குமுளியில் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது, அட்டை ஒரு நிறம்; மற்றொன்று கம்பத்தில் வேறொருவர் எழுதியது, அட்டை வேறு நிறம், வணிகப்பெயரும் வேறு. இரண்டும் அல்பிரசோலம். "அது மலை மாத்திரை, இது ஊர் மாத்திரை, ரெண்டும் வேற வேற சாமி" என்றார் அவர். எழுதிய இரு மருத்துவர்களுக்கும் மற்றவர் எழுதியது தெரியாது; நானும் பையைத் திறக்காமல் இருந்திருந்தால் அறிந்திருக்க மாட்டேன். ஆறு வாரங்களில் அளவைக் குறைத்து நிறுத்தியபின் அவர் தாமாகவே நடந்து வந்தார், பேரன்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் இப்படி நடக்கும் ஒருவரைத் தவறவிடக் கூடாது.

தூக்க மாத்திரை என்ற பெயரே இல்லாமல் மூளையை மந்தமாக்கும் மருந்துகளும் உண்டு. மலைக்குளிரிலும் சாரலிலும் நாள்பட்ட சளியோடு வாழ்ந்தவர்கள், சளிக்கும் அரிப்புக்கும் எழுதும் குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின் வகை மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் "போட்டால் நல்லா தூக்கம் வருது" என்று இரவுதோறும் எடுக்கிறார்கள். நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை தடுக்கின்றன. நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினும் இந்த வகையே. அம்மாவின் முழங்கால் வலிக்கும் கால் எரிச்சலுக்கும் யார் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள்.

மாத்திரையைத் தொடரலாமா என்ற கேள்விக்கு என் விடை: நிறுத்த வேண்டும், ஆனால் இன்றிரவே நிறுத்தக் கூடாது. 3 ஆண்டுகள் போட்ட மாத்திரையை ஒரே நாளில் விட்டால் நடுக்கம், பதற்றம், மனக்குழப்பம், சிலருக்கு வலிப்பும் வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அளவில் கால் பங்குக்கு மிகாமல், பல நேரம் அதைவிடவும் மெதுவாகக் குறைக்க வேண்டும். குறைக்கும் வாரங்களில் உறக்கம் முன்பைவிட மோசமாகும். மாத்திரை தேவைப்படுகிறது என்பதற்கு இது சான்று ஆகாது. உடல் அதிலிருந்து மீண்டு வருகிறது. இதை முன்கூட்டியே அம்மாவிடமும் அவரோடு இருப்பவரிடமும் சொல்லி வைக்காவிட்டால், மூன்றாம் இரவே பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள். வயதானவர்களால் விட முடியாது என்று சொல்வதும் சரியன்று. கனடாவில் நெடுநாள் இந்த மாத்திரை போட்ட முதியவர்களுக்கு, அதன் தீமையையும் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாதங்களில் 27 விழுக்காட்டினர் முழுமையாக விட்டார்கள், கையேடு பெறாதவர்களில் 5 விழுக்காட்டினரே விட்டார்கள். அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது.

மாத்திரைக்குப் பதிலாக என்ன செய்வது என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சை பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது. பயிற்சி பெற்றவர்கள் நம் பக்கத்தில் அரிது. ஆனால் அதன் சாரத்தை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் தாயாருக்கு நான் முதலில் சொல்வது, 8 மணிக்குப் படுக்கக் கூடாது என்பதே. வாரத்துக்கு அரை மணி நேரமாகத் தள்ளி, 10 மணிக்குக் கொண்டு வாருங்கள். மாலை 5 மணியிலிருந்து இருட்டும்வரை வெளித்திண்ணையில் வெளிச்சத்தில் உட்காரட்டும். மாலை வெளிச்சம் நாள்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். மதிய உறக்கம் அரை மணி நேரத்துக்குள், 3 மணிக்கு முன் முடியட்டும். எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும், இரவு எப்படிப் போனாலும் சரி. விழித்துவிட்டால் பாயில் புரளாமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது கைவேலை செய்து, கண் அசந்தால் மட்டும் மீண்டும் படுக்கட்டும். மதியத்துக்குப் பின் தேநீரும் காபியும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அதுவும் உறக்கத்தைக் கெடுக்கும். முழங்கால் வலிக்கு முறையான சிகிச்சை இல்லாமல் இவை எதுவும் பலிக்காது. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் வலிக்கும் கால், எந்தப் பழக்கத்தையும் தோற்கடித்துவிடும். இரவில் பலமுறை சிறுநீர் போவதானால் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை மாலையில் போடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். கால் பிசைவது போல, பூச்சி ஊர்வது போல உணர்ந்து அசைத்தால் மட்டும் அடங்குவதாகச் சொன்னால், இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல ஆண்டு இரத்தசோகையோடு உழைத்த பெண்களுக்கு இது அதிகம். இன்னொன்று உங்கள் தாயாருக்கு அன்று, படிக்கும் மற்றவர்களுக்கு: 50 வயதைக் கடந்த ஒருவர் உறக்கத்தில் கத்துவதும், கனவில் வரும் ஆளை உண்மையாகவே அடிப்பதும் உதைப்பதும் தொடர்ந்தால், காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிச் செல்லாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். இப்படிப்பட்ட 1,280 பேரைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினருக்குப் பார்க்கின்சன் நோயோ அதையொத்த மூளைநோயோ வந்திருந்தது. உறக்கக் குறைகளில் மூளைநோய்க்கு இவ்வளவு தெளிவான முன்னறிகுறி வேறில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியைக் கடைசியாக வைத்தேன். உறக்கத்தைச் சரிசெய்தால் மறதி நீங்குமா என்பது, அந்த மறதி எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. மாத்திரை, மூச்சுத்தடை, மனச்சோர்வு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, காது கேளாமை ஆகியவற்றால் வந்ததானால் பெரும்பாலும் மேம்படும். அல்சைமரின் தொடக்கமானால் உறக்கம் சீராகும்போது பகல் சற்றுத் தெளிவாகும், நோய் நிற்காது. வேறுபாட்டை அறிய வீட்டார் கவனிக்க வேண்டியது, மறப்பதைவிட, செய்யத் தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவதை: பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, சாம்பார் வைக்கும்போது வரிசை குழம்புகிறதா, வாரக்கூலிக் கணக்கை விரல்விட்டு எண்ணியவர் இன்று சில்லறை எண்ணத் திணறுகிறாரா என்று பாருங்கள். மருத்துவமனைகளில் நினைவாற்றலைச் சோதிக்கும் பல தேர்வுகள் கடிகாரம் வரை, வாக்கியம் எழுது, நூறிலிருந்து ஏழேழாகக் கழி என்று கேட்கும். பள்ளி வாசலை மிதிக்காத ஒருவர் அதில் தோற்றால் அது நோயாகாது. அம்மா படிக்காதவர் என்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. பெண்களிடமும் சிற்றூர்களிலும் அது கூடுதல். அஞ்ச வேண்டிய அளவு அன்று, ஆனால் தள்ளிப்போடக் கூடாத அளவு. மனச்சோர்வையும் மறக்காமல் கேளுங்கள். 30 ஆண்டுகள் ஜீப்பில் தோள் உரசிப் பாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் போன கூட்டத்தை ஒரே நாளில் இழந்தவர் அவர்.

இந்த வாரம் ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்கு, அம்மா படுத்த நேரம், விழித்த நேரம், மதியம் உறங்கிய நேரம், இரவில் எழுந்த முறைகள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். கைக்கடிகாரக் கருவி காட்டும் "ஆழ்ந்த உறக்க" எண்ணை நம்ப வேண்டாம். நள்ளிரவில் அவர் உறங்கும்போது குறட்டையை அரை மணி நேரம் கைப்பேசியில் பதியச் சொல்லுங்கள். மூச்சு நின்று திணறித் தொடங்கும் ஓசை அதில் இருந்தால், அதைக் கேட்கும் எந்த மருத்துவரும் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். நரம்பியல் கருத்து தேவைப்பட்டால் மதுரைக்கோ கோட்டயத்துக்கோ எழுதித் தரச் சொல்லலாம். போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வெற்று அட்டைகளையும் சேர்த்து, குமுளியில் வாங்கியது கம்பத்தில் வாங்கியது என்று பிரிக்காமல் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.